அரை எம்ஓஏ உறுதிமொழியும் திரும்பி வராத முன்பணமும்

அமெரிக்காவில் சிறு பட்டறைகள் ஆர்டரின் பேரில் ஒவ்வொன்றாகக் கட்டித் தரும் துல்லிய ரைஃபிள்களில் ஒன்றுக்கு முன்பணம் கட்டலாம் என்று எண்ணியிருப்பவர்கள், பணத்தை அனுப்புவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டெக்சாஸில் வசிக்கும் நான், நெடுந்தொலைவு இலக்குச் சுடும் போட்டிகளுக்காக, 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்குரிய, ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற பூட்டுத்தண்டைக் கையால் இழுத்துச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வேறொரு மாநிலத்திலுள்ள பட்டறையிடம் செய்யச் சொல்லியிருந்தேன். ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டிப் பல மாதங்கள் கழித்து வந்து சேர்ந்த அந்தத் துப்பாக்கி, துல்லியத்தைப் பற்றிப் பேசுவது இருக்கட்டும், பாதுகாப்பாகச் சுடுவதற்கே தகுதியற்றதாக இருந்தது. பண விவகாரம் இன்னும் தீராததால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலையே நான் குறை சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அர்கன்சாஸ் மாநிலத்தின் பெர்ரிவில் என்ற சிற்றூரில் 1977 முதல் இயங்கும் வில்சன் காம்பட், அதே ஊரில் 2004இல் தொடங்கப்பட்ட நைட்ஹாக் கஸ்டம் போன்ற நிறுவனங்கள், ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 கைத்துப்பாக்கியைக் கையால் பொருத்திச் செதுக்கி இன்றும் விற்கின்றன. நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கைவினைஞர்தான் கட்டுகிறார். ரைஃபிள் உலகிலும் விஸ்கான்சினைச் சேர்ந்த கிரீகர், பார்ட்லைன் போன்ற குழல் தயாரிப்பாளர்கள், தோட்டாவைச் சுழல வைக்கும் குழலின் உட்புற வரிகளை ஒரே அழுத்தத்தில் பதிக்காமல் வெட்டுக்கருவியால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கும் மெதுவான முறையைக் கைவிடாமல் காத்து வருகிறார்கள். தொழிற்சாலைத் துப்பாக்கியின் விலையைப் போல் நான்கைந்து மடங்கு கொடுக்க மக்கள் முன்வருவது இப்படிப்பட்ட உழைப்பின் மீதுள்ள மதிப்பினால்தான். அந்த மதிப்பைத்தான் என்னை ஏமாற்றியவர்கள் தங்கள் முதலீடாக வைத்திருந்தார்கள்.

எனக்குத் தந்த மதிப்பீட்டுச் சீட்டில் மூன்று உறுதிமொழிகள் இருந்தன. விஸ்கான்சினில் செய்யப்பட்ட, வெட்டு முறையில் வரியிட்ட துருப்பிடிக்காத எஃகுக் குழல் பொருத்தப்படும். ஏழு மாதங்களுக்குள் துப்பாக்கி அனுப்பப்படும். அது அரை எம்ஓஏ துல்லியத்துடன் சுடும். எம்ஓஏ என்பது கோண அளவு. 100 கஜத் தொலைவில் ஒரு எம்ஓஏ என்பது 1.047 அங்குலம், எனவே அரை எம்ஓஏ என்றால் அந்தத் தொலைவில் எல்லாத் தோட்டாக்களும் அரை அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த இடத்துக்குள் விழ வேண்டும். விலையில் பாதியை வங்கி வழியாக நேரடியாக அனுப்பச் சொன்னார்கள். மீதியைத் துப்பாக்கி தயாரான பிறகு கார்டில் கட்டலாம் என்றார்கள்.

காலக்கெடு கடந்த பிறகு நான் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிய காரணம் சொல்லப்பட்டது: குழல் வரவில்லை, தோட்டா அமரும் அறையான சேம்பரைக் குடையும் ரீமர் கருவி தேய்ந்துவிட்டது, மேற்பூச்சு போடுபவர் விடுப்பில் இருக்கிறார். மின்னஞ்சலில் கேட்டால் பதில் தொலைபேசியில்தான் வரும். எழுத்தில் எதுவும் தர மாட்டார்கள். கடைசியாகத் தயார் என்று சொல்லி அனுப்பிய பில்லில், மதிப்பீட்டுச் சீட்டில் இல்லாத 11 விழுக்காடு கூட்டரசு வரி சேர்ந்திருந்தது. நீண்ட துப்பாக்கிகள் மீது அப்படியொரு உற்பத்தி வரி உண்டு என்பது உண்மை. ஆண்டுக்கு 50க்கும் குறைவான துப்பாக்கிகளைச் செய்யும் பட்டறைக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது என்பதும் உண்மை. "வருடத்துக்கு முப்பதுக்கு மேல் கட்ட மாட்டோம்" என்று ஆர்டர் பேசிய நாளில் பெருமையாகச் சொன்னவர்களிடம் இதைக் கேட்டபோது பதில் வரவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்படும் துப்பாக்கி, வாங்குபவரின் மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற டீலரிடம்தான் வந்து சேர வேண்டும். அங்கே 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே அது நம் கைக்கு வரும். அந்தக் கையெழுத்துக்கு முன்பாகத் துப்பாக்கியை ஆராய்வது மிக முக்கியம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கையெழுத்திடும் வரை அது டீலரின் பதிவேட்டில் இருக்கும் சரக்கு, அவரே அதைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பலாம். கையெழுத்திட்ட பிறகு அது நம் பெயரில் உள்ள பழைய துப்பாக்கி ஆகிவிடுகிறது. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சட்டவிலக்கு இல்லாவிட்டால் கூட்டரசுச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பதால், முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்பவருக்குப் பொருளும் கிடைக்காது, பணமும் எளிதில் திரும்பாது.

வெளித்தோற்றத்தில் ரைஃபிள் அழகாகவே இருந்தது. புதிய, பெட்டி பிரிக்காத தொழிற்சாலைத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டுக் காலி உறைகளைப் பொறுக்கியபோதுதான், ஒவ்வொரு பித்தளை உறையிலும் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஒன்று ஓடியிருப்பதைக் கண்டேன். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு உட்சுவரைத் தடவிப் பார்த்தால், அதே இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. துப்பாக்கியைக் கையாள்பவர்கள் ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறி இது. போல்ட்டின் முகத்துக்கும் சேம்பர் குறுகத் தொடங்கும் தோள்பகுதிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது அளவுக்கு மீறினால், வெடிக்கும் நொடியில் உறையின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்பட்டு, நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. அந்த மெலிந்த இடத்தில் உறை அறுந்தால், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை எழும் அழுத்தமுள்ள வாயு, சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் வழி தேடும்.

நான் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, எங்கள் பகுதியில் நெடுங்காலமாகத் தொழில் செய்யும் கன்ஸ்மித் (துப்பாக்கி செய்து பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் ரைஃபிளைக் கொண்டு சென்றேன். அவர் போல்ட்டிலிருந்து ஊசியையும், காலி உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளை ஒவ்வொன்றாகச் சேம்பரில் வைத்து மூடிப் பார்த்தார். 'கோ' கட்டையில் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' கட்டையில் மூடக் கூடாது. என் ரைஃபிளில் அது 'நோ-கோ' கட்டையில் மட்டுமின்றி, இதற்கு மேல் துப்பாக்கியைப் பயன்படுத்தவே கூடாது என்ற எல்லையைக் காட்டும் 'ஃபீல்ட்' கட்டையிலும் தடையின்றி மூடிக்கொண்டது. பிறகு குழலின் உட்புறத்தைக் காட்டும் போர்ஸ்கோப்பை உள்ளே விட்டுக் காட்டினார். சேம்பரைத் தாண்டி வரிகள் தொடங்கும் இடம் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருந்தது. சேம்பர் சுவரில் ரீமர் அதிர்ந்து உழுத தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. குழலை லேத்தில் ஏற்றி, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் இண்டிகேட்டர் வைத்துத் துளையின் மையத்தை நேர்செய்த பிறகு ரீமரை விட்டிருந்தால் இப்படி ஆகாது என்றார் அவர். கைவேலை என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியது எந்த வேலைக்காகவோ, அந்த வேலையே நடந்திருக்கவில்லை. குழலில் விஸ்கான்சின் தயாரிப்பாளரின் முத்திரை எதுவும் இல்லை. அங்கிருந்து வாங்கியதற்கான ரசீதை நான் கேட்டும் பட்டறை இன்றுவரை தரவில்லை.

ரைஃபிளுடன் வந்த சோதனை இலக்கு அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்களை மயக்குவது பெரும்பாலும் அதுதான். ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று துளைகள் கொண்ட அட்டை அது. தொலைவு எழுதப்படவில்லை, துப்பாக்கியின் வரிசை எண் இல்லை, எந்தத் தோட்டா என்பதும் இல்லை. அப்படியே அது உண்மையாகச் சுட்டதாக இருந்தாலும், மூன்று தோட்டாக் குழுவால், அதாவது ஒரே குறியில் மூன்று முறை சுட்ட தொகுதியால், எதையும் நிறுவ முடியாது. ஒரே துப்பாக்கியில் பத்துத் தோட்டாக் குழுவின் அகலம், மூன்று தோட்டாக் குழுவின் அகலத்தைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும் என்பது வெறும் புள்ளியியல். பல மூன்று தோட்டாக் குழுக்களைச் சுட்டு அவற்றில் நல்லதை மட்டும் அட்டையாக அனுப்பினால், ஒரு எம்ஓஏ துப்பாக்கியையும் அரை எம்ஓஏ என்று விற்றுவிடலாம். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, உறுதிமொழி எத்தனை தோட்டாக்கள் கொண்ட எத்தனை குழுக்களின் சராசரி, எந்தத் தொலைவு, எந்தத் தொழிற்சாலைத் தோட்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இதை எழுத மறுப்பவரின் உறுதிமொழி விளம்பர வாசகம் மட்டுமே.

அளவுகளைக் கன்ஸ்மித்தின் கையெழுத்துடன் அனுப்பியபோது, முதலில் தோட்டாவைக் குறை சொன்னார்கள். பிறகு, வேறொருவர் போல்ட்டைக் கழற்றியதால் வாரண்டி செல்லாது என்றார்கள். இறுதியாக, ஆர்டரின் பேரில் செய்த பொருளுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். கார்டில் கட்டிய மீதித் தொகையை மட்டும், அந்த அளவுச் சான்றின் பேரில் வங்கி எனக்கு மீட்டுத் தந்தது. நேரடியாக அனுப்பிய பாதித் தொகை அவர்களிடமே இருக்கிறது.

துப்பாக்கி விஷயத்தில் அரசு எங்காவது சோதித்திருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிரிட்டனில் லண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்களின் முத்திரையோ, அங்கே ஏற்கப்படும் வெளிநாட்டுச் சோதனை முத்திரையோ இல்லாமல் துப்பாக்கியை விற்க முடியாது. அமெரிக்காவில் அப்படியொரு கட்டாயம் கிடையாது. 1926இல் உருவான சாமி (SAAMI) என்ற துப்பாக்கித் தொழில் அமைப்பின் அளவுகள் தன்விருப்பத்தின் பேரில் பின்பற்றப்படுபவை. துப்பாக்கித் தொழிலுக்கு உரிமம் தரும் கூட்டரசு முகமையான ஏடிஎஃப் வழங்கும் தயாரிப்பாளர் உரிமம் வேலையின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பொம்மைகள் முதல் ரொட்டி சுடும் கருவி வரை திரும்பப் பெற உத்தரவிடும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் துப்பாக்கிகள் சேர்க்கப்படவே இல்லை. ஆனால் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்கே தொடர முடியாது என்ற பேச்சும் தவறு. 2005ஆம் ஆண்டுச் சட்டம், குற்றவாளிகள் செய்த செயலுக்காகத் தொடுக்கப்படும் வழக்குகளிலிருந்துதான் அவர்களைக் காக்கிறது. ஒப்பந்த மீறல், வாரண்டி மீறல், தயாரிப்புக் குறை ஆகியவற்றுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. எனவே ரைஃபிளில் எதையும் மாற்றாமல் சான்றாக வைத்துக்கொண்டு, பட்டறை இருக்கும் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு வழக்கு நீதிமன்றத்துக்கான மனுவும் தயாராகிறது.

முன்பணத்தில் ஒரு பொறி இருக்கிறது. கிரெடிட் கார்டுக் கட்டணத்தை மறுக்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் தரும் காலம், அந்தக் கட்டணம் வந்த முதல் பில்லிலிருந்து 60 நாட்கள் மட்டுமே. துப்பாக்கியோ பல மாதங்களுக்குப் பிறகுதான் வரும். கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகள், வாக்களிக்கப்பட்ட நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட ஓரளவு இடம் தருவதால், அனுப்பும் தேதி எழுத்தில் இருப்பதும் முழுத் தொகையையும் கார்டிலேயே கட்டுவதும் இன்றியமையாதவை. கார்டுக்காக மூன்று நான்கு விழுக்காடு கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எந்தப் பட்டறையிலாவது பணம் கட்டிக் காத்திருப்பவர்கள், காலக்கெடு கடந்திருந்தால், பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் புதிய தேதியை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசி, தபால், இணையம் வழி ஆர்டர்களுக்கான கூட்டரசு வணிக ஆணைய விதிப்படி, சொன்ன காலத்தில் அனுப்ப முடியாத விற்பனையாளர், ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பை உங்களுக்குத் தந்தாக வேண்டும். துப்பாக்கி வந்துவிட்டதாக டீலர் அழைத்தால், 4473 படிவத்தை எடுப்பதற்கு முன் அவரிடமுள்ள அளவுக்கட்டைகளால் ஹெட்ஸ்பேஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால், பார்க்கத் தெரிந்த கன்ஸ்மித் ஒருவரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.