எல்இடி மாற்றித் தருகிறேன் என்று டார்ச் விற்பவர்களிடம் உஷார்: எனக்குப் போனது ரூ. 6,800

ரூ. 6,800. ஒரு டார்ச் லைட்டுக்கு. அந்தப் பணம் இனி வராது என்று இன்று மதியம் உறுதியாகிவிட்டது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். அந்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். நேற்றுகூடப் புது வீடியோ போட்டு, கீழே பத்துப் பேர் விலை கேட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

பெயர் போடவில்லை. சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம், அதோடு ஒரு குழு. சீனாவிலிருந்து வெறும் டார்ச் உடம்பை வரவழைத்து, உள்ளே எல்இடி, அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் எல்லாம் தானே மாற்றி, "மாடிஃபைடு" என்று விற்கும் வகை. இந்த வேலையைச் சுத்தமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பையும் சேர்த்தே இவர் கெடுக்கிறார்.

எனக்கு டார்ச் பொழுதுபோக்கு இல்லை. கோயம்புத்தூர் தடாகம் பக்கம் வாழை வைத்திருக்கிறோம். மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால் அப்போதே போய் மோட்டார் போட்டு மடை மாற்றியாக வேண்டும். மலையடிவாரத்தில் தோட்டம் இருப்பவர்களுக்குத் தெரியும், தூரத்து வரப்பில் கருப்பாக நிற்பது பாறையா யானையா என்று இருநூறு மீட்டருக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். கிட்டே போன பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? எனக்கு வேண்டியது எட்டம், அதாவது வெளிச்சம் தூரம் போவது. வாசல் முழுக்கப் பரவுகிற வெளிச்சம் இல்லை.

எட்டத்துக்கும் லூமனுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. டார்ச்சிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதுதான் லூமன். நட்டநடு ஒளிக்கற்றை எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. எல்இடியைச் சுற்றி வெளிச்சத்தை முன்னால் குவிக்கும் பளபளப்பான கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர். ஒரே ரிஃப்ளெக்டரில், ஒளிவிடும் பரப்பு எவ்வளவு சின்னதாகவும் பிரகாசமாகவும் இருக்கிறதோ அவ்வளவு தூரம் போகும். அதனால்தான் ஓஸ்ராம் கம்பெனியின் ஒயிட் பிளாட் எல்இடி கேட்டேன். டபிள்யூ2 என்று சொல்வார்களே, அது. ஒளிவிடும் பரப்பு சுமார் 2 சதுர மில்லிமீட்டர்தான், மேலே குமிழ் கிடையாது. வேறு பெரிய எல்இடிகள் இதைவிட அதிக லூமன் கொட்டும், ஆனால் அதே அளவு ரிஃப்ளெக்டரில் இந்த எட்டம் வராது.

இதையெல்லாம் அந்தத் தம்பி என்னைவிட நன்றாகப் பேசினார். அங்கேதான் நம்பிக்கை வந்தது. ஆர்டர் எடுக்கும் முன் அவரே கேள்வி கேட்டார். "எவ்வளவு தூரம் பாக்கணுங்ணா? கைல புடிச்சுட்டு நடப்பீங்களா, ஒரே எடத்துல நின்னு அடிப்பீங்களா?" என்றார். "ரிஃப்ளெக்டர் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பா இருந்தா கற்றை மெத்துனு இருக்கும், ஆனா எட்டம் கொறையும், உங்களுக்கு மழமழன்னு இருக்கறதுதாங்ணா சரி" என்றார். எல்இடிக்கு அடியில் செம்புத் தகடு போடுவதாகவும், சூடு நேராக உடம்புக்கு இறங்கிவிடும் என்றும் சொன்னார். எல்லாமே சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்த ஆள் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். மலைச்சரிவு, தூரத்தில் ஒரு செல்போன் கோபுரம். முதலில் மாற்றாத டார்ச், கோபுரம் மங்கலாகத் தெரிகிறது. அடுத்து இவர் மாற்றிய டார்ச், கோபுரம் பளிச்சென்று. "ஒரு லட்சம் கேண்டெலாங்ணா, அறுநூறு மீட்டர் தாண்டும்." கணக்கும் ஒத்துவந்தது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அளவீட்டுத் தரப்படி எட்டம் வரும், ஒரு லட்சத்துக்கு 632 மீட்டர். அந்த எல்லையில் விழுவது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்), ஏறக்குறைய முழு நிலா வெளிச்சம்தான். கண்ணுக்கு உருப்படியாகத் தெரிவது அதில் பாதியோ மூன்றில் ஒன்றோ. எனக்கு அது போதும். டார்ச் 5,900, செல் 600, கூரியர் 300. மொத்தம் ரூ. 6,800, முழுதும் யுபிஐயில் முன்பணமாக.

பார்சல் வந்தது. இருட்டியதும் களத்துச் சுவரில் அடித்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாக மங்கல். அதைச் சுற்றி வெளிச்ச வளையம், அதற்கும் வெளியே பச்சையும் மஞ்சளுமாக ஒரு விளிம்பு. நடுமையம் இருண்டிருந்தால் எல்இடி ரிஃப்ளெக்டரின் குவியத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். வளையமும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இருந்தது, அதாவது எல்இடி மையத்திலும் இல்லை. உள்ளே எல்இடியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், மையத்தில் நிறுத்துவது அதன் வேலை. எல்இடியை மாற்றினால் அந்த வளையத்தையும் அளவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இவர் மாற்றவே இல்லை.

தோட்டத்தில் அடித்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வாய்க்கால் மேட்டுப் புளியமரம் எங்கள் பழைய டார்ச்சில் கிளை கிளையாகத் தெரியும். எந்த மாற்றமும் செய்யாத, சின்ன எல்இடி போட்ட சாதா டார்ச் அது. புதியதில் காலடி மண் பளபளக்கிறது, முன்னால் நாலு வரிசை வாழை இலை கண்ணைக் கூசுகிறது, மரம் மட்டும் இருட்டுக்குள்.

ஒளிமானி இரவல் வாங்கி அளந்தேன். ஒரு மீட்டரில் வைத்து அளப்பது தப்பு, அவ்வளவு கிட்டத்தில் கற்றை சேர்ந்திருக்காது. பத்து மீட்டர் தள்ளி வைத்து, வரும் லக்ஸை நூறால் பெருக்க வேண்டும். பழையது 380 லக்ஸ், அதாவது 38,000 கேண்டெலா, கிட்டத்தட்ட 390 மீட்டர். புதியது 230 லக்ஸ். 23,000 கேண்டெலா, 303 மீட்டர். சொன்னது ஒரு லட்சம், வந்தது அதில் கால்வாசிகூட இல்லை. வீட்டில் ஏற்கெனவே கிடந்த டார்ச்சைவிட மோசமான ஒன்றுக்கு ரூ. 6,800 கொடுத்திருக்கிறேன்.

முகப்பு வளையத்தைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஐந்து மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு எல்இடி, மேலே பளபளவென்று சிலிகான் குமிழ். யார் தயாரிப்பாக இருந்தாலும் அது ஒயிட் பிளாட் இல்லை. ஒயிட் பிளாட்டில் சின்ன மஞ்சள் சதுரம் வெறுமனே தட்டையாகத் தெரியும். செம்புத் தகடு என்றாரே, ஓரத்தைக் கத்தி முனையால் சுரண்டினேன். வெள்ளையாக வந்தது, அலுமினியம். அடியில் சூடு கடத்தும் பசையும் பொட்டுக்கூட இல்லை. அதனால்தான் ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது.

கூட அனுப்பிய 18650 என்ற அளவு சார்ஜ் செல் மேல், கொள்ளளவு 9800 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அளவுச் செல்லில் அதில் பாதிகூட வராது. நல்ல செல் பொதுவாக 45 கிராம் அளவில் இருக்கும், இது தராசில் 31 கிராம். இப்படிப்பட்ட லித்தியம் செல்லை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு வீட்டில் குழந்தைகளோடு தூங்குவது எவ்வளவு ஆபத்து!

இனி அவர் சொன்ன பதில்களைக் கேளுங்கள். சுவரில் விழுந்த வளையத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "செவுத்துல அடிச்சுப் பாக்கக் கூடாதுங்ணா, வெளில அடிங்க." வெளியிலும் அடித்தாயிற்று என்றேன். "பேட்டரி ஃபுல்லா ஏத்துனீங்களா?" ஏற்றியாயிற்று. அளவு எடுத்த படம் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், "உங்க மீட்டர் தப்புங்ணா." அதே மீட்டரில் பழைய டார்ச் எப்படி அதிகம் காட்டுகிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. எல்இடி படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது. "ஸ்டாக் இல்லீங்ணா, அதான் அதைவிட லூமன்ஸ் அதிகமா இருக்கறதைப் போட்டுக் குடுத்தேன், உங்களுக்கு லாபந்தானே?" என்கிறார். என்னைக் கேட்காமல்! எனக்கு எட்டம் எதற்கு வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன், யானை என்ற வார்த்தையோடு. கடைசியில், "நீங்க கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு." இன்று மதியம் குழுவில் இரண்டு டார்ச்சின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். சில நிமிடங்களில் படத்தை எடுத்துவிட்டு, என்னைக் குழுவிலிருந்து நீக்கி, எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்.

அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். கோபுரத்துக்கு இடப்பக்கம் மூலையில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. முதல் டார்ச் அடிக்கும்போது அது சின்னப் புள்ளி. இவருடைய டார்ச் அடிக்கும்போது அந்தத் தெருவிளக்கும் ஊதிப் பெரிதாகி, வானம்கூட வெளுக்கிறது. டார்ச்சை மாற்றினால் தெருவிளக்கு எப்படிப் பிரகாசமாகும்? கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்பதை, ஏற்றியிருக்கிறார். இரண்டும் தனித்தனியாக எடுத்து ஒட்டியவை. ஒளிக்கற்றையை ஒப்பிட்டுக் காட்டுகிறேன் என்று எவர் காட்டினாலும் கேமராவின் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் என்ற மூன்று அமைப்புகளையும் மாறாமல் பூட்டிவிட்டு, ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஒப்பீடே இல்லை.

வங்கியில் கேட்டால் நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் பில் கேட்டார்கள். பில் எங்கே இருக்கிறது, ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது. இணைய மோசடிப் புகார் எண் 1930இலும் சொல்லியிருக்கிறேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். டார்ச்சை மூடும் முன் எல்இடியைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், தகட்டின் ஓரமும் தெரிகிற மாதிரி. லூமன் மட்டும் சொன்னால் கேண்டெலா எவ்வளவு, எத்தனை மீட்டரில் அளந்தது என்று கேளுங்கள். வீடியோ அனுப்பினால் டார்ச்சைப் பார்க்காமல் பின்னால் எரியும் தெருவிளக்கைப் பாருங்கள். கூடத் தரும் செல்லை எடை போடாமல் சார்ஜில் வைக்காதீர்கள்.

இதே மாதிரி ஒயிட் பிளாட் என்று சொல்லி யாரிடமாவது வாங்கியிருந்தால், டார்ச்சை அணைத்துவிட்டு முன்கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். குமிழ் இருந்தால் படத்தோடு எனக்கு எழுதுங்கள், பணம் அனுப்பிய ரசீது இருந்தால் அதையும் சேர்த்து. திங்கட்கிழமை எழுத்துமூலம் புகார் கொடுக்கப் போகிறேன், எல்லாவற்றையும் ஒன்றாகவே இணைத்துவிடலாம்.