லல்லிங்ஸ்டோனா செட்வொர்த்தா, எந்த ரோமன் வில்லாவுக்குப் போறது?

ரெண்டுமே ரோமானியர் காலத்துப் பெரிய பண்ணைவீடுகளோட மிச்சம். இங்கிலாந்துல ஒண்ணுதான் பாக்க டைம் இருக்குன்னு குழம்புறவங்களுக்கு.

போறது: லல்லிங்ஸ்டோன் கென்ட்ல டேரன்ட் ஆத்துப் பள்ளத்தாக்கு, ஐன்ஸ்ஃபோர்டு ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிரலாம். செட்வொர்த் க்ளஸ்டர்ஷயர்ல கோல்ன் ஆத்துப்பக்கம், கார் இல்லாம கஷ்டம்.

மழை வந்தா: லல்லிங்ஸ்டோன் ஒரே கூரைக்குள்ள, பிரச்சனையே இல்ல. செட்வொர்த் ரொம்பப் பெருசு, பாதி வெளியதான்.

பாக்குறதுக்கு: செட்வொர்த்ல ரெண்டு குளியல் கூடம், தரைக்கடியில சூடு ஓடுறதுக்காகத் தரையத் தூக்கி நிறுத்துன தூண்கள், அப்புறம் மொசைக்ல (சின்னச் சின்னக் கல் பதிச்ச தரை) குளிர்காலத்த ஒரு ஆளாவே வரைஞ்சிருக்கான், தலைமூடின அங்கி, ஒரு கைல முயல், இன்னொரு கைல இலையில்லாத கிளை, அத விட்டு நகரவே மனசு வராது. லல்லிங்ஸ்டோன்ல கீழ நிலவறைச் சுவர்ல நீர்தேவதைகள், அதுக்கு மேல் ரூம்லயே 4-ம் நூற்றாண்டுல கிறிஸ்தவ வழிபாடு நடந்திருக்கு, அந்த மேல் ரூம் சுவரோவியம் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல.

பண்ணைவீட்டு வாழ்க்கை புரியணும்னா செட்வொர்த். மதம் மாறுன காலம் பிடிக்கும், அரை நாள்தான் இருக்குன்னா லல்லிங்ஸ்டோன்.