மிஞ்சிய மரக்கறி: வெயிலா, குளிர்சாதனப் பெட்டியா?

கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காய் மலிந்தால் இரண்டு கிலோவாக வாங்கிவிடுகிறோம். நான்காம் நாள் பாதி சுருங்கிக் கிடக்கிறது. காயவைப்பதா, பெட்டியில் வைப்பதா என்று அக்கா ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.

செலவு: வெயிலுக்குக் காசில்லை, ஒரு பாயும் கொஞ்சம் ஆனையிறவு உப்பும் போதும். பெட்டிக்கு மின்கட்டணம் மாதாமாதம் வரும்.

தாங்கும் நாள்: பெட்டியில் கத்தரிக்காய் ஒரு வாரம் தாண்டினால் விதை கறுக்கத் தொடங்கும். நன்றாகக் காய்ந்த வற்றல் போத்தலில் மாதக்கணக்கில் இருக்கும்.

சிரமம்: இங்கேதான் வெயில் தோற்கிறது. மெல்லிதாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, மூன்று நான்கு நாள் காகத்தையும் கோழியையும் விரட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாலையில் உள்ளே எடுக்க மறந்து பனி பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒருமுறை ஒரு சுளகு பாவற்காயை அப்படியே எருக்கிடங்கில் கொட்டினேன், அக்காவுக்குச் சொல்லவில்லை. வற்றல் கையில் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை.

கீரைக்கும் மிஞ்சிய கறிக்கும் பெட்டிதான், பேச்சே இல்லை.

சிறுபோகம் என்கிற கோடைப் பயிர்க்கால வெயிலில் கத்தரி, பாவல், மிளகாய் மலிந்தால், பகலில் வீட்டில் ஆளும் இருந்தால், முற்றம் போதும். ஐப்பசி மழை தொடங்கியதும் பாயைச் சுருட்டிவிடுங்கள். காலையில் வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்களுக்குப் பெட்டியே சரி; ஆனால் இரண்டு கிலோ வேண்டாம், அரைக் கிலோ வாங்குங்கள்.