வாடைக்கு முன் படகைக் கரையேற்றுதல்: மண்டபத்தில் 8 ஆண்டு அனுபவம்

மண்டபம் வடகரையில் என்னிடம் 22 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. ஒற்றைப் பாய்மரம், பின்னால் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் யமஹா எஞ்சின். 2017இல் வாங்கினேன். பொங்கல் கழிந்ததிலிருந்து செப்டம்பர் வரை, மாதம் இரண்டு மூன்று முறை மதுரையிலிருந்து வந்து கரையை ஒட்டிப் பாயில் போவோம். தேவிபட்டினம் வரை பல முறை, தொண்டி வரை ஓரிரு முறை போயிருக்கிறோம். அக்டோபர் பிறந்ததும் படகைக் கரையேற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவேன். அடுத்த மூன்றரை மாதம் படகு எங்களில்லாமல் தனியாகக் கிடக்கும். அந்த மூன்றரை மாதத்துக்கு எப்படி ஆயத்தம் செய்கிறேன், எதில் தவறினேன், எது நிலைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் புரளும், வடகடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ். அதனால் தொழில் செய்பவர்கள் பலர் பருவத்துக்கு ஏற்பப் படகைக் கடல் மாற்றிக்கொள்கிறார்கள். 2019இல் நானும் அப்படிச் செய்து பார்த்தேன். தென்கரையில் நங்கூரமிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். தினமும் கடலுக்குப் போகிறவருக்கு அந்த ஏற்பாடு பொருந்தும், எனக்குப் பொருந்தவில்லை. ஜனவரியில் வந்து பார்த்தபோது அடிப்பக்கம் முழுவதும் சிப்பியும் பாசியும் ஒட்டியிருந்தன. சுரண்டவே இரண்டு நாள் ஆனது. நங்கூரக் கயிறு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உராய்ந்து பாதி அறுந்திருந்தது. ஓடாத படகைத் தண்ணீரில் விடவே கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

கரையேற்றுவது ஒரு காலை நேர வேலை. பனங்கட்டைகளை உருளையாகப் போட்டுப் பத்துப் பேர் தள்ளினால் படகு ஏறிவிடும். எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். தென்னைக்கு அடியில் கூடாது, தேங்காய் விழும். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், குறைவுதான். ஆனால் வாடை தொடர்ந்து அடித்தால் தண்ணீர் வழக்கமான கோட்டைத் தாண்டி ஏறும், அதனால் மணல்மேட்டுக்கு மேலே கொண்டுபோய்விடுகிறேன். அணியம் வடகிழக்கைப் பார்க்க வேண்டும். அணியத்தை ஒரு சாண் உயர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, பழைய டயர்களின் மேல் உட்கார வைத்து, இரண்டு பனைமரங்களில் கட்டிவிடுகிறேன்.

பின்பக்கம் ஏன் தாழ வேண்டும் என்றால், தண்ணீர் வடியும் துளை அங்கேதான் இருக்கிறது. அதன் தக்கையைக் கழற்றிவிட வேண்டும். முதல் ஆண்டு நான் கழற்றவில்லை. மூடி வைத்தால்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். மூடியதெல்லாம் உள்ளுக்குள் கெட்டுப்போகும் என்பதை ஒவ்வொரு பாகமாக, ஒவ்வோர் ஆண்டாக இந்தப் படகு எனக்குக் காட்டியது.

2024 நவம்பர் 20ஆம் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, மண்டபத்திலும் 25 செ.மீ.யைத் தாண்டியது. என் படகின் திறந்த பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். அதில் 25 செ.மீ. மழை தேங்கினால் 2,000 லிட்டர், அதாவது 2 டன். படகின் எடையோ 600 கிலோதான். பக்கத்தில் நின்ற ஒரு படகில் தார்ப்பாய் தொய்ந்து, குளமாகி, கிழிந்து அத்தனை நீரும் உள்ளே இறங்கியது. தக்கை போட்டபடியே இருந்தது. கட்டைகள் சரிந்து படகு ஒருக்களித்து விழுந்ததில் அடிப்பக்கம் விரிசல் விட்டது. என் படகில் உள்ளே போன நீர் தக்கை கழற்றிய துளை வழியே வெளியேறிவிட்டது. அந்தத் துளையில் பழைய வலைத் துண்டு ஒன்றை மட்டும் செருகி வைக்கிறேன், எலி நுழையாது.

மூடாக்கு விஷயத்தில் மூன்று பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். நீல பாலித்தீன் விரிப்பு டிசம்பருக்குள் நார்நாராகிவிடும். வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அதற்கு ஆயுள் கிடையாது. அடுத்து லாரித் தார்ப்பாய். மூன்று ஆண்டு கிழியாமல் உழைத்தது, 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் அருகே வலுவிழந்து நகராமல் நின்ற நாட்களையும் தாங்கியது. ஆனால் அதன் அடியில் காற்றே இல்லை. ஈரம் உள்ளேயே வியர்த்து, சொட்டி, மறுபடி வியர்த்தது. பூஞ்சை பிடித்த இருக்கைகளைத் துடைத்துவிடலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகை போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேலே ஃபைபர், உள்ளே ஒட்டுப்பலகை. திருகாணித் துளை வழியாக நுழைந்த ஈரம் உலரவே இடமில்லாமல் மரம் உளுத்துப்போயிருந்தது. விரலால் தட்டியபோது கட்டைச் சத்தம் வராமல் சொத்தென்று கேட்டது. அதை அறுத்தெடுத்துப் புதிதாக வைக்க ஆன செலவில் இன்னொரு பழைய எஞ்சினே வாங்கியிருக்கலாம்.

அதன் பிறகு பனையோலைக்கு மாறினேன். சவுக்குக் கழிகளை நட்டு, படகுக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் சரிவாக ஓலை வேய்ந்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம். மழை வழிந்து ஓடுகிறது, காற்று ஊடாடுகிறது. பலத்த காற்றில் நாலு ஓலை பறக்கும், நாலு ஓலை மாற்றினால் போதும். பனை நிறைந்த இந்த மாவட்டத்தில் அதற்கு ஆளும் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இதைவிட நல்ல மூடாக்கை நான் பார்க்கவில்லை.

எஞ்சினுக்கு முதல் தேவை நல்ல தண்ணீர். குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் மாவட்டத்தில் அதை எஞ்சினுக்கு ஊற்றுவது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் குளிர்நீர்க் குழாய்களில் உப்பு படிந்தால் எஞ்சின் சூடேறிச் செத்துவிடும். ஒரு டிரம்மில் எஞ்சினின் கால், அதாவது விசிறி இருக்கும் அடிப்பகுதி, மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓட்டுகிறேன். அதே தண்ணீரில் கயிறுகளை ஊறவைத்து, மிச்சத்தைப் படகின் உட்பக்கம் கழுவப் பயன்படுத்துகிறேன். இரும்பு இங்கே எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் தன் அரிமானச் சோதனை நிலையத்தை மண்டபத்தில்தான் வைத்திருக்கிறது. அதனால் கிரீஸ் பூசுவதில் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

ஓட்டி முடிக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடிக்க வேண்டும். இப்போது பங்க்கில் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்க்கில் மீந்த, ஆயில் கலந்த பெட்ரோலைப் படகைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கே கொடுத்துவிடுகிறேன், அவர் எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) விட்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை நாலைந்து முறை மெதுவாக இழுத்தால் சிலிண்டருக்குள் துரு ஏறாது. கியர் ஆயிலை அக்டோபரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பழைய ஆயில் பால் கலந்த தேநீர்போல வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதை ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால் அதற்குள் பல்சக்கரம் துருப்பிடித்திருக்கும்.

எஞ்சினை அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒரு மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டுகிறோம். படுக்கவைத்தால் காலில் தங்கிய தண்ணீர் புகைவழியாக சிலிண்டருக்குப் போகும். மேலே பழைய பருத்திப் போர்வை மட்டும் போதும். ஒரே ஒரு துளையை மட்டும் நான் அடைத்தே வைக்கிறேன். குளிர்நீர் பீய்ச்சும் சிறு துளையில் குளவி மண்கூடு கட்டிவிடும். ஒருமுறை ஜனவரியில் எஞ்சின் ஓடியும் தண்ணீர் வராமல் பதறிப்போனோம். இப்போது ஒரு துணித்திரியைச் செருகி, அதன் வால் வெளியே தெரியும்படி விடுகிறேன்.

பாயை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மதுரைக்கே எடுத்துச் செல்கிறேன். எலிக்குப் பாய் மிகவும் பிடிக்கும். பேட்டரி அண்ணன் வீட்டில் இருக்கிறது, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுகிறார்.

பெயிண்ட் வேலையை மழைக்கு முன் தொடங்க வேண்டாம், காயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வேண்டாம். அப்போது விசைப்படகுகள் எல்லாம் பராமரிப்புக்கு வந்துவிடுவதால் ஃபைபர் வேலைக்கு ஆளே கிடைக்காது. பொங்கல் கழிந்த இரண்டு வாரம்தான் சரியான நேரம்.

புறப்படும் அன்று எல்லாவற்றையும் அண்ணனோடு ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பேன். ரயில் ராமநாதபுரத்தைத் தாண்டுவதற்குள் அவரிடமிருந்து போன் வந்துவிடும். “தம்பி, தக்கையைக் கழற்றினீர்களா?” என்றுதான் முதலில் கேட்பார். தக்கையையும் எஞ்சினின் சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றையும் ஒன்றாக முடிந்து பையில் வைத்திருப்பேன். அந்தக் கயிறு இல்லாமல் எஞ்சின் ஓடாது என்பதால், ஜனவரியில் தக்கையை மறந்து படகை இறக்கவும் வழியில்லை. மதுரை வீட்டில் நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் இரண்டும் பொங்கல் வரை தொங்குகின்றன.