சம்பள கிரேடு: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வேலைகளைப் படிப்படியாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் ஒரு சம்பள வரம்பு வைப்பதுதான் சம்பள கிரேடு. எங்கள் நிறுவனத்துக்கு அதைப் போட்டதும் நான்தான், அன்றிலிருந்து திட்டு வாங்குவதும் நான்தான்.

வேலைகளை மதிப்பிடும் எட்வர்ட் ஹே முறைப்படி அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், பொறுப்பு என்று மூன்றுக்கும் புள்ளி போட்டு வேலைகளை வரிசைப்படுத்தினோம். அதில் பெரிய குறை இல்லை. மேனேஜர்கள்தான் வேலையை எழுதச் சொன்னால் ஆளை எழுதித் தந்தார்கள்.

சொதப்பியது கிரேடுகளின் எண்ணிக்கையில். ஆரம்பத்தில் 14 வைத்தேன். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் மிட்பாயிண்டில், அதாவது கிரேடின் நடுச் சம்பளத்தில், 5 சதவீதம்தான் இடைவெளி. ஒரு கிரேடின் மிட்பாயிண்ட் 100, ரேஞ்ச், அதாவது சம்பள வரம்பு, 80 முதல் 120 என்றால், அதற்கு மேல் கிரேடு 84 முதல் 126. புரமோஷன் கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, எவ்வளவு ஏறுது?" என்றுதான் கேட்டார்கள். பணம் தர முடியாத மேனேஜர்கள் கிரேடை அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் 'சீனியர்' ஒட்டாத பதவியே மிச்சமில்லை.

பிறகு 8 ஆகக் குறைத்து இடைவெளியை 15 சதவீதமாக்கினேன். இப்போது 100க்கு மேல் கிரேடு 115, அதாவது 92 முதல் 138. இன்னும் 92க்கும் 120க்கும் நடுவே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, படியத்தான் வேண்டும். கீழ் கிரேடில் பழம் தின்று கொட்டை போட்டவர், மேல் கிரேடுக்கு நேற்று வந்தவரைவிட அதிகம் வாங்குவதில் என்ன தப்பு?

டிசைன் சில மாத வேலை. பராமரிப்பில்தான் கோட்டை விட்டேன். இரண்டு வருடம் சந்தையில் சம்பளம் எப்படிப் போகிறது என்று பார்க்கவில்லை, மிட்பாயிண்டை நகர்த்தவும் இல்லை. சம்பளத்தை மிட்பாயிண்டால் வகுத்தால் வரும் கம்பா ரேஷியோ, ஒரு டீமில் சராசரி 1.00 என்று காட்டியது. எல்லோருக்கும் திருப்தி. ஒருநாள் சாயங்காலம் அந்த ஷீட்டை, ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். பழைய மூன்று பேர் 0.88, சந்தை விலைக்கு எடுத்த புதிய மூன்று பேர் 1.12. வேலை கற்றுக்கொடுத்தவருக்கு 0.88, கற்றுக்கொண்டவருக்கு 1.12! அந்த டீமில் முதல் ராஜினாமா மறுவாரமே வந்தது.

அதன்பிறகு மிட்பாயிண்டை 8 சதவீதம் உயர்த்தினோம். அங்கேயும் ஒரு பொறி இருந்தது. 80 ஆக இருந்த அடிமட்டம் 86.4 ஆனதும், 82 வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ரேஞ்சுக்குக் கீழே போய்விட்டார்கள். அவர்களைத் தூக்கிவிடும் செலவை பட்ஜெட்டில் முதலிலேயே போடாமல் ரேஞ்சை நகர்த்தாதீர்கள். நான் போடவில்லை, அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்னும் வியர்க்கிறது.

மேல் முனையில் இருந்தவர்கள் கதை வேறு. 120 உச்சவரம்புள்ள கிரேடில் ஒருவர் 124 வாங்கிக்கொண்டிருந்தார். அடிப்படைச் சம்பளத்தை நிறுத்திவைத்து, இன்க்ரிமென்டுக்குப் பதிலாக வருடத்துக்கு ஒருமுறை மொத்தத் தொகை கொடுத்தோம். "அப்போ எனக்கு இதோட சரியா சார்?" என்று கேட்டவருக்கு அன்று ஒழுங்கான பதில் சொல்லத் தெரியவில்லை. ரேஞ்ச் நகர்ந்ததும் உச்சம் 129.6 ஆனது, அவரும் உள்ளே வந்துவிட்டார். செய்தியைச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "இப்போ என் கம்பா ரேஷியோ 1.15 தானே சார்?" என்றார்.