நேரோபோட்: ஆற்றுக்காற்று வெளியே கொண்டுவரும் பழுதுகள்

57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம், தட்டையான அடிப்பாகம், 15 டன்னுக்குக் குறையாத இரும்பு. இங்கிலாந்தின் கால்வாய்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த படகு. இதை தேம்ஸ் ஆற்றில் இறக்கினால், கால்வாயில் வருடக்கணக்காக ஒளிந்திருந்த கோளாறெல்லாம் முதல் நாளே தலைகாட்டும்.

கால்வாயில் எஞ்சின் 1,200 ஆர்பிஎம்மைத் தாண்டுவதே அபூர்வம். நீரோட்டத்தையும் எதிர்க்காற்றையும் சமாளிக்க 1,800 வேண்டியிருக்கும். சூடு மளமளவென்று ஏறும். உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். பக்கத் தகட்டோடு ஒட்டிய ஸ்கின் டேங்கின், அதாவது எஞ்சின் சூட்டை வெளித் தண்ணீருக்குக் கடத்தும் தொட்டியின், மேல்மூலையில் காற்று அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் ஆறியபின் மேலே உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை விட்டு, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கூலன்ட் ஊற்றுங்கள். அப்படியும் சூடேறினால் டேங்க் சிறியது என்று அர்த்தம். வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

டீசலும் அப்படித்தான். படகு ஆடும்போது டேங்கின் அடியிலிருக்கும் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் திணறுவது முதல் அறிகுறி. மாற்று ஃபில்டர் குறைந்தது இரண்டு கையிருப்பில் வேண்டும். மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் காற்று உள்ளே போய், எஞ்சின் கிளம்பவே கிளம்பாது.

புரொப்பெல்லரில் கயிறோ பாசியோ சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட் ஹாட்சை, அதாவது புரொப்பெல்லருக்கு மேலே உள்ள மூடியை, திறக்க வேண்டும். பல்லுள்ள ரொட்டிக் கத்தியே போதும். மூடியை மறுபடி இறுக்கியதும் கியர் போட்டுச் சுற்றிலும் தண்ணீர் பீறிடுகிறதா என்று பாருங்கள். சரியாக உட்காராத மூடி வழியே எஞ்சின் அறை நிரம்பிப் படகே மூழ்கலாம்.

காற்று முதலில் தள்ளுவது அணியத்தை, அதாவது முன்முனையை. அது தண்ணீரில் ஆழமில்லாமல் நிற்கிறது. கனமும் புரொப்பெல்லரும் பின்னால். பக்கக்காற்றில் படகை நண்டு போலச் சற்றுக் கோணலாகத்தான் ஓட்ட முடியும். நிறுத்திக் காத்திருக்க நினைத்தால் படகு குறுக்கே திரும்பிவிடும். காத்தேயாக வேண்டுமென்றால் பின்முனையைக் காற்றுக்குக் காட்டி மெதுவாக ரிவர்ஸில் நிற்பதே மேல்.

காற்று கரையோடு அழுத்தினால் கம்பால் தள்ளி முதுகை உடைத்துக்கொள்ள வேண்டாம். முன்கயிற்றைக் கரையில் பின்னோக்கிக் கட்டி, அணியத்தில் ஃபெண்டர் என்னும் இடிதாங்கி மெத்தையைத் தொங்கவிட்டு, டில்லரை (சுக்கான் கைப்பிடியை) ஆற்றுப்பக்கம் தள்ளி, குறைந்த வேகத்தில் முன்னோக்கிப் போங்கள். பின்முனை தானாக வெளியே வரும். நன்றாக விலகியதும் கயிற்றை எடுத்துவிட்டு ரிவர்ஸ்.

நங்கூரத்தின் கயிற்று நுனியைப் படகில் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கட்டாத நங்கூரத்தை எறிந்தால் அதுவும் போச்சு. தேம்ஸில் டெடிங்டன் என்ற ஊருக்கு மேலே, படகை ஏற்றி இறக்கும் லாக்குகளில் சிவப்புப் பலகை மாட்டியிருந்தால் நீரோட்டம் கடுமை. அன்று கரையிலேயே இருங்கள், கட்டிய கயிற்றில் மட்டம் ஏறி இறங்கக் கொஞ்சம் தளர்வு விட்டு.