ஆஸ்பென் மலையூரின் சின்ன ஸ்டேக் உணவகங்கள்: பனியிலும் கோடையிலும் சாப்பிட்டுப் பார்த்ததில்

ஆஸ்பெனில் இறங்கிய அன்றைக்கே ஸ்டேக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டது) உணவகத்தில் இடம் பிடித்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்குள் 2,410 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஊட்டியைவிடவும் கொஞ்சம் மேலே. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். உடம்பு அதற்குப் பழகுமுன் அரைக்கிலோ கறியும் சிவப்பு ஒயினும் உள்ளே போனால், தட்டு பாதி காலியாவதற்குள் தலைவலியும் குமட்டலும் தொடங்கிவிடலாம். அப்புறம் பழி சமையல்காரர்மேல் விழும். இரண்டாவது அல்லது மூன்றாவது இரவு போங்கள். அதுவரை பகலெல்லாம் தண்ணீர் குடியுங்கள்.

பெரிய விடுதிகளின் சாப்பாட்டுக் கூடங்களை விட்டுவிடுகிறோம். முப்பது நாற்பது பேர் மட்டும் உட்காரக்கூடிய, விளக்கு மங்கலான, பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழும் சின்ன இடங்களைப் பற்றித்தான் இது. 1880களில் வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த ஊர் ஆஸ்பென். 1893இல் வெள்ளி விலை விழுந்ததும் படுத்துவிட்டது. 1946-47 குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வந்த பிறகே மறுபடி தலைதூக்கியது. அந்தப் பழைய ஊரின் குறுகிய மனைகளில் சமையலறையும் குறுகல்தான். கிரில் ஒன்று, அதன்முன் நிற்பவர் ஒருவர் அல்லது இருவர். இந்த உணவகங்களின் நிறையும் குறையும் அங்கிருந்தே வருகின்றன.

முன்பதிவு பெரும்பாலும் இணையத்தில், 30 அல்லது 60 நாள் முன்பு திறக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரம், ஜனவரியில் எக்ஸ் கேம்ஸ் என்னும் பனிச் சாகச விளையாட்டுப் போட்டி நடக்கும் நாட்கள், பிப்ரவரியின் குடியரசுத் தலைவர் தின விடுமுறை, ஜூனில் உணவு-ஒயின் விழா, இவற்றில் திறந்த அன்றே பிடிக்காவிட்டால் கிடைக்காது. கடன் அட்டை எண் கேட்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முந்தைய 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு எண்ணைக் கொடுங்கள். கடைசி நேரத்தில் மலைப்பாதை மூடினாலும் பணம் திரும்ப வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். முன்பதிவில்லாமல் போவதென்றால் இருவராகப் போய், கதவு திறப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே நின்று, பார் முன்னால் உள்ள உயர நாற்காலியைக் கேளுங்கள். பல இடங்களில் அங்கேயும் முழு மெனுவும் கிடைக்கும்.

மாலை ஐந்தரைக்கு ஒரு பந்தி, எட்டை ஒட்டி இன்னொரு பந்தி. நம் கல்யாணப் பந்தியைப் போலவே இங்கேயும் முதல் பந்திக்குத்தான் மதிப்பு. கிரில் சுத்தமாக, முழுச் சூட்டில் இருக்கும். அன்றைய சிறப்புக் கறி வெட்டுகள் தீர்ந்திருக்காது. ஒரே குறை, இருவர் மேசை என்றால் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டியிருக்கும். ஆகவே குடிக்க என்ன என்று கேட்கும்போதே ஸ்டேக்கையும் சொல்லிவிடுங்கள். நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள ரிப் ஐ (விலாப் பகுதி வெட்டு) மீடியம் ரேருக்கு (நடுவில் சிவப்பாக நிற்கும் பதம்) வர ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஆகும், அதற்குமேல் இறைச்சி ஆற ஐந்து நிமிடம். எலும்போடு வரும் ஒரு கிலோ டோமஹாக் முக்கால் மணி நேரம் எடுக்கும்.

டோமஹாக் வாங்காதீர்கள் என்பதே எங்கள் முடிவு. அதுவும் ரிப் ஐதான். நீளமான விலா எலும்பை விட்டு வைத்திருப்பதுதான் வேறுபாடு. அந்த எலும்பும் எடையில் சேரும், விலையிலும் சேரும். அதே பணத்தில் எலும்பில்லாத 16 அவுன்ஸ் ரிப் ஐ, அதாவது 450 கிராம், ஒன்றும் பக்க உணவு இரண்டும் வாங்கி இருவர் பகிர்ந்தால் வயிறு நிறையும். போர்ட்டர்ஹவுஸும் டி-போனும் ஒரே இடத்து வெட்டு. எலும்பின் ஒரு பக்கம் ஃபிலே என்னும் மிருதுவான கறி, மறுபக்கம் ஸ்ட்ரிப் என்னும் சற்றுக் கெட்டியான முதுகுக் கறி. ஃபிலே பக்கம் குறைந்தது 3.2 சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று சொல்லலாம், 1.3 இருந்தாலே டி-போன். எலும்பின் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வேகாது என்பதால், கூட்ட நாளில் ஃபிலே பக்கம் உலர்ந்து வருவது வழக்கம். கூட்டமில்லாத நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் 'பிரைம்' என்றிருந்தால் அமெரிக்க வேளாண் துறையின் உயர்ந்த தரம். கறிக்குள் கொழுப்பு இழை அடர்ந்து ஓடும். அடுத்தது 'சாய்ஸ்'. ஃபிலே இயல்பிலேயே கொழுப்புக் குறைந்த வெட்டு என்பதால் அங்கே தர வேறுபாடு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. ரிப் ஐயிலும் ஸ்ட்ரிப்பிலும் நன்றாகத் தெரியும். 'டிரை ஏஜ்டு' என்பது நம் உப்புக்கண்டம் போல உப்பிட்டு வெயிலில் காய வைப்பது கிடையாது. உறையாத அளவு குளிரில், காற்றோட்டமுள்ள அறையில், மூன்று முதல் ஆறு வாரம் உப்பில்லாமல் தொங்கவிடுவார்கள். நீர் வற்றி, வெளிப்பக்கம் கறுத்து இறுகும். அதைச் சீவி எறிய வேண்டும். அதனால்தான் விலை கூடுகிறது. நாற்பது நாளுக்கு மேல் போனால் பழைய பாலாடைக்கட்டியின் வாடை ஏறும். முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு 28 நாள் போதும்.

பதம் கேட்கும்போது பெயரோடு வெப்பநிலையையும் சொல்லுங்கள். மீடியம் ரேர் என்றால் நடுவில் 54 முதல் 57 டிகிரி செல்சியஸ், மீடியம் 60ஐ ஒட்டி, முழுதாக வெந்தது 71க்கு மேல். வேளாண் துறையின் பாதுகாப்பு அளவு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் என்று நினைத்து நம்மவர்கள் பலர் 'வெல் டன்' கேட்கிறார்கள். அது மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஃபிலேயை விட்டுவிட்டு ரிப் ஐயை 'மீடியம் வெல்' கேளுங்கள். கொழுப்பு உருகி அதைக் காப்பாற்றும். மெதுவாக வேகவைத்த ஷார்ட் ரிப் (குட்டை விலாக்கறி) இருந்தால் இன்னும் நல்லது.

தட்டு வந்ததும் ஓரத்தில் தொடங்காமல் நடுவில் ஒரு வெட்டு வெட்டி, பரிமாறுபவர் நகருமுன் பாருங்கள். வேகாதது திரும்பிப் போய் வெந்து வரும். அதிகம் வெந்ததற்குப் புதிய துண்டுதான் வழி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், கைப்பேசி விளக்கை ஒரு நொடி காட்டத் தயங்க வேண்டாம்.

இனி உயரம் செய்யும் வேலை. ஆஸ்பெனில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருளைக்கிழங்கின் உட்பக்கமும் அதற்குமேல் சூடேறாது. ஆகவே முழுதாகச் சுட்ட கிழங்கு கீழே ஆவதைவிட நேரம் பிடிக்கும். அவசரத்தில் எடுத்தால் நடுவில் கெட்டி நிற்கும். மசித்ததோ, பாலாடையில் அடுக்கிச் சுட்டதோ கேளுங்கள். அவை மதியமே பொறுமையாக வெந்தவை. வறுவலில் எண்ணெய்ச் சூட்டைக் குறைக்காவிட்டால் வெளியே சிவந்து உள்ளே வேகாமல் வரும். கிரில்லுக்கும் இதில் பங்கு உண்டு: காற்று மெலிந்த இடத்தில் எரிவாயு அடுப்பின் வலு குறையும். ஒரே நேரத்தில் கிரில் முழுக்கக் குளிர்ந்த கறியை அடுக்கினால் சூடு இறங்கி, மொறுமொறுப்பான கருகல் மேலோடு வராமல் சாம்பல் நிறத்தில் வெந்த கறி வரும். ஆகவே இரண்டாம் பந்தி கூடும் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் ஆர்டர் செய்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்க் மான் கறி மெனுவில் இருந்தால் அது பண்ணையில் வளர்ந்தது; வேட்டையாடிய கறியை உணவகம் விற்க முடியாது. கொழுப்பே இல்லாததால் மீடியம் ரேருக்கு மேல் போனால் செருப்புத் தோல். ஆகஸ்டில் கொலராடோவின் ஒலாத்தே ஊர்ச் சோளமும் பாலிசேட் ஊர்ப் பீச் பழமும் வரும், இரண்டையும் விடாதீர்கள்.

கூட வருபவர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். டிரவுட் மீனும் கோழியும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் கிரில் ஒன்றே என்பதால் தனி வாணலியில் செய்யக் கேட்க வேண்டும். வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு, வறுவலில் மாட்டுக் கொழுப்பு, சீசர் சாலடில் நெத்திலி வகை மீன் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பில்லில் வரியும் அதன்மேல் 20 சதவீத டிப்ஸும் சேரும். 300 டாலர் சாப்பாட்டுக்கு டிப்ஸ் மட்டும் 60. சேவைக் கட்டணம் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரையிலும், அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலும் நாள் வரையிலும் பல கடைகள் அடைத்திருக்கும். திறந்திருப்பவற்றில் அந்த வாரங்களில் சலுகை விலைச் சாப்பாடு கிடைப்பதுண்டு, கிரில்காரருக்கும் அவகாசம் இருக்கும். குளிர்காலத்தில் இண்டிபெண்டன்ஸ் கணவாய் மூடிவிடும். டென்வரிலிருந்து சரக்கு வண்டி கிளென்வுட் ஊர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். ஐ-70 நெடுஞ்சாலை பனியில் அடைபட்ட மறுநாள் மீனையும் கீரையையும் கேட்காதீர்கள். கறி கடையிலேயே இருப்பது, அதை நம்பலாம். கதவோர மேசையை மட்டும் மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்குளிர் நேராக உங்கள் தட்டில் இறங்கும்.